பர்மாவின் நெல், உளுந்து, அருமண்: நாட்டின் பலத்தை முடிவு செய்வது யார்?

மொகல் தெரு வியாபாரி (ரங்கூன்)

எல்லாருக்கும் வணக்கம். வடக்கே சீன எல்லையில் உள்ள கச்சின் பக்கத்து அருமண் தாதுவை, அதாவது மின்கார் காந்தத்துக்கு வேண்டிய அரிய உலோகங்களின் தாதுவைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், இங்குள்ள நம் தமிழ் ஆட்கள் சொல்வது ஒன்றுதான். "பர்மாவிடம் என்னதான் இல்லை? பச்சைக்கல், மாணிக்கம், தேக்கு, எரிவாயு, நெல். உலகமே நம்மைத் திரும்பிப் பார்க்கிறது." பார்க்கிறது, சரி. அதனால் இந்த நாட்டுக்கு என்ன பலம் வந்தது? அதைப் பேசத்தான் இந்த இழை.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். மண்ணில் எவ்வளவு விளைகிறது, மண்ணுக்கடியில் எவ்வளவு கிடக்கிறது என்பது பாதிக் கணக்கு. அதை வாங்க எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் மீதிப் பாதி. பலர் நின்றால் விற்கிறவன் பேச்சு எடுபடும். ஒருவன்தான் என்றால் விலையை அவன் சொல்வான், நாம் தலையாட்ட வேண்டியதுதான்.

நான் பருப்பு வியாபாரி, அதனால் உளுந்தை வைத்தே சொல்கிறேன். பேயின்னாங் மொத்தச் சந்தையில் மூட்டையைக் குத்தி ஒரு பிடி மட்பே (உளுந்துக்கு இங்கே அதுதான் பெயர்) எடுத்து உள்ளங்கையில் பரப்புவோம். மணியின் பருமனைப் பார்த்து எஸ்.க்யூ. (உயர்தரம்), எஃப்.ஏ.க்யூ. (சராசரித் தரம்) என்று பிரிப்போம். ஒரு மணியைக் கடித்து ஈரம் பார்ப்போம். இதெல்லாம் நம் கையில் இருக்கிறது. விலை மட்டும் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வரும். உலகச் சந்தைக்கு உளுந்து அனுப்புவதில் பர்மாதான் முதல். தமிழ்நாட்டில் இட்லிக்கு ஊறுகிற உளுந்தில் கணிசமான பங்கு இங்கே விளைந்தது. அப்படியிருந்தும் 2017 ஆகஸ்டில் என்ன நடந்தது? துவரைக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று இந்தியா வருட இறக்குமதிக்கு ஒரு கோடு போட்டது. அவ்வளவுதான், இங்கே விலை சரிந்தது. கிடங்கில் சரக்கை வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் கடனில் மூழ்கினார்கள் என்பது சந்தையில் இருந்தவர்களுக்குத் தெரியும். பிறகு 2021-ல் இரண்டு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன. வருடத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் 2025-26 வரை இந்தியா வாங்கும் என்று பேச்சு. நல்லதுதான். ஆனால் அதே காலத்தில் துவரைக்கு மொசாம்பிக், தான்சானியா என்று இந்தியா ஆப்பிரிக்காவில் வேர் விட்டாயிற்று. உளுந்துக்குப் பிரேசிலிலும் விதைக்கத் தொடங்கிவிட்டார்கள். வாங்குபவன் வழிகளைப் பெருக்கிக்கொள்கிறான். நாம் ஒரே வாசலில் நிற்கிறோம்.

உங்கள் பக்கத்து அனுபவம் என்ன, சொல்லுங்கள்.

தன்லின் சயாமா

அண்ணே, உங்கள் பேச்சுக்கு வலு சேர்க்கிற வரலாறு எங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றும் அதில் இருக்கிறது.

1852-ல் கீழ் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்தபோது ஐராவதி டெல்டாவின் பெரும்பகுதி காடும் சதுப்பும்தான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது, ஐரோப்பாவுக்குக் கப்பல் வழி சுருங்கியது. அடுத்த அறுபது வருடத்தில் அந்தச் சதுப்பு உலகத்திலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்கிற நிலமாக மாறியது. 1930-களில் வருடத்துக்கு ஏறக்குறைய 30 லட்சம் டன் வெளியே போனது. வங்காளம், சென்னை மாகாணம், இலங்கை, மலாயா, ஐரோப்பா என்று வாங்குவோர் வரிசையாக நின்றார்கள்.

அந்த அரிசி நின்றபோது என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அடுத்த வருடம் வங்காளத்தில் பஞ்சம், ஏறக்குறைய 30 லட்சம் பேர் செத்தார்கள். விலையேற்றம், அரசு செய்த கொள்முதல் குளறுபடி, படகுகளைப் பறித்தது, புயல் என்று பல காரணங்கள் உண்டு. பர்மா அரிசி வராமல் போனது அவற்றில் ஒன்று. திருவிதாங்கூரில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். இலங்கை அந்தத் தட்டுப்பாட்டை மறக்கவேயில்லை. 1952-ல் அமெரிக்காவின் கோபத்தையும் பொருட்படுத்தாமல் சீனாவோடு ரப்பர்–அரிசி ஒப்பந்தம் போட்டது. வருடம் 50,000 டன் ரப்பர் கொடுத்து 2,70,000 டன் அரிசி வாங்கினார்கள். கொரியப் போர் நடந்த நேரம் அது, சீனாவுக்கு ரப்பர் விற்கவே யாரும் துணியாத நேரம். ஒரு சின்னத் தீவு தன் ரப்பர் மரத்தை வைத்து வல்லரசுகளுக்கு நடுவே தன் சோற்றைப் பேசி முடித்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது.

சரி, பர்மாவுக்கு வருவோம். அண்ணன் கணக்குப்படி, வாங்குவோர் பலர் இருந்த அந்தக் காலத்தில் பர்மாக்காரன் பலத்தோடு இருந்திருக்க வேண்டும். இருந்தானா? துறைமுகமும் கப்பலும் ஆலையும் ஆங்கிலக் கம்பெனிகள் கையில். நிலத்துக்குக் கடன் நம் செட்டிநாட்டு ஆட்கள் கையில். கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் அவர்களிடம் இருந்த நிலம் 6 சதவீதம். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்து, கடன் கட்ட முடியாமல் நிலம் கை மாறி, 1937 வாக்கில் அது 25 சதவீதம் ஆனது. செட்டியார்களும் அதை விரும்பவில்லை, அவர்களுக்கு வேண்டியது பணம், வயல் இல்லை. ஆனால் உழுதவன் கண்ணுக்குத் தெரிந்தது நம் முகம்தான். அந்தக் கோபத்தின் வட்டியை நாம் 1964 வரை கட்டினோம். கடைகளை அரசு எடுத்துக்கொண்ட அந்த வருடங்களில் கடையும் சேமிப்பும் போய்க் கப்பலேறியவர்கள் லட்சக்கணக்கானோர். மிச்சம் இருப்பவர்கள்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே வாங்குவோர் பலர் இருப்பது நாட்டை முக்கியமாக்கும். அந்த முக்கியத்துவம் யார் சட்டைப்பையில் போய் விழும் என்பது வேறு கேள்வி, அதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மோல்மேன் தம்பி

சயாமா எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் தாத்தா காலத்துப் பேச்செல்லாம் ஞாபகம் வந்தது. நன்றி.

நான் சொல்ல வருவது இடத்தைப் பற்றி. மேற்கே அரக்கான் கரையில் உள்ள சௌக்பியூவில் என்ன எண்ணெய் விளைகிறது? சொல்லும்படி ஒன்றும் இல்லை. அரபு நாட்டு எண்ணெய் கப்பலில் வந்து மடே தீவில் இறங்குகிறது, அங்கிருந்து குழாய் வழியே சீனாவின் யுனானுக்குப் போகிறது. 2017 முதல் ஓடுகிறது, வருடத்துக்கு 2.2 கோடி டன் கொண்டுபோகும்படி கட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே எரிவாயுக் குழாய், அது 2013 முதல். மலாக்கா நீரிணையை யாராவது அடைத்தால் என்ன செய்வது என்று சீனாவுக்கு இருக்கிற பயம்தான் அந்த எண்ணெய்க் குழாயைக் கட்டியது. அந்த எண்ணெயில் நம் வளம் எதுவும் இல்லாமல், கடற்கரை இருக்கிறது என்பதற்காகவே ஒரு பெரிய நாடு நம்மை விட முடியாமல் இருக்கிறது. இந்தியாவும் அதே அரக்கான் கரையில் சித்வேயில் துறைமுகம் கட்டியது. மண்ணையும் கல்லையும் மட்டும் எண்ணினால் இது கணக்கில் வராது.

பெகு உழவர்

பெரியவர்கள் எல்லாம் நாடு, வல்லரசு என்று பேசுகிறீர்கள். நான் வயலைப் பற்றிச் சொல்கிறேன்.

மழைநெல்லை அறுத்த கையோடு, களிமண்ணில் ஈரம் காய்வதற்குள் உளுந்தைத் தூவி உழுதுவிடுவோம். நாலு நாள் தாமதித்தால் மண் வெடித்துவிடும், விதை முளைக்காது. அதற்கப்புறம் தண்ணீர் கிடையாது. மண்ணில் தங்கிய ஈரமும் விடியற்காலைப் பனியும்தான். செடி முழங்காலுக்கு மேல் வளராது. வேரைப் பிடுங்கிப் பார்த்தால் கடுகு கடுகாக முடிச்சு இருக்கும், அதுதான் அடுத்த நெல்லுக்குத் தழைச்சத்து. மாசி வாக்கில் காய் கறுத்ததும் மொத்தமாக அறுத்துக் களத்தில் போட்டு அடிப்போம். நெல்லில் கைக்கு ஒன்றும் நிற்பதில்லை. பிள்ளை படிப்பு, கல்யாணம், மருந்துச் செலவு எல்லாம் உளுந்தில்தான்.

இந்த வயலை என் பாட்டன் திருத்தியது. காடு வெட்டி, வரப்புப் போட்டு. 1948, 1953 நில தேசியமயச் சட்டங்கள் வந்தபோது பெரிய நிலக்காரர்களிடமிருந்து எடுத்து உழுபவனுக்குக் கொடுப்போம் என்றார்கள். கொடுத்தது உழுகிற உரிமைதான், மண்ணின் உரிமை இல்லை. 2008 அரசியல் சாசனமும் நாட்டின் எல்லா நிலத்துக்கும் அரசுதான் இறுதி உரிமையாளர் என்கிறது. 2003 வரைக்கும் இத்தனை கூடை நெல்லை அரசு சொல்கிற விலைக்கு அளந்தே ஆக வேண்டும். விளையாத வருடத்தில் வெளியே கூடுதல் விலைக்கு வாங்கிக்கூட அளந்திருக்கிறோம்.

2012-ல் விவசாய நிலச் சட்டம் வந்தது. ஏழாம் நம்பர் படிவம் கையில் இருந்தால் அந்த உழுகிற உரிமையை விற்கலாம், அடமானம் வைக்கலாம். ஆனால் படிவம் வேண்டுமானால் முதலில் குடியுரிமைச் சீட்டு வேண்டும். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம் ஆட்களில் எத்தனை பேரிடம் முழுச் சீட்டு இருக்கிறது? என் அண்ணனுக்கு இல்லை. அவர் பங்கு நிலம் பக்கத்து வயல்காரர் பெயரில் பதிவாகி இருக்கிறது. அந்த மனுஷர் நல்லவர், ஒரு தொந்தரவும் இல்லை. அவர் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அலுவலகத்துக்கு நடந்து நடந்து என் அண்ணன் ஓய்ந்துவிட்டார்.

அதே 2012-ல் வந்த இன்னொரு சட்டம், காலி நிலம், தரிசு நிலம், கன்னி நிலம் பற்றியது. மலைக்காரர்கள் தலைமுறையாகச் சுற்றுமுறையில் விதைக்கிற நிலமெல்லாம் காகிதத்தில் "காலி" என்று இருக்கும். கம்பெனி கேட்டால் கொடுத்துவிடலாம். 2018 திருத்தத்தில், அனுமதி இல்லாமல் அதில் இருந்தால் இரண்டு வருடம் வரை சிறை என்று சேர்த்தார்கள். கச்சினில் வைங்மோ பக்கம் போய்ப் பாருங்கள். சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியவன் முகாமில் இருக்கிறான், அவன் நிலத்தில் சீனச் சந்தைக்கு வாழை நிற்கிறது.

அதனால் நான் கேட்கிறேன். வாங்குபவன் ஒருவனா பலரா என்பது இரண்டாவது கேள்வி. விற்கிறவனுக்கு அந்த மண் சொந்தமா என்பது முதல் கேள்வி இல்லையா? மண் சொந்தமில்லாதவன் விலை பேச முடியுமா?

தவாய் வாசி

உழவர் அண்ணன் சொல்வது எங்கள் பக்கமும் அப்படியே. யாடானா எரிவாயுக் குழாய் 1998-லிருந்து தாய்லாந்துக்குப் போகிறது. குழாய் போன பாதையில் ராணுவம் ஊர்களைக் காலி செய்ததும் ஆட்களைக் கட்டாய வேலைக்கு இழுத்ததும் அமெரிக்க நீதிமன்றம் வரை வழக்காகப் போனது. குழாய் போட்டுவிட்டால் வாங்குபவனும் விற்பவனும் ஒருவரையொருவர் விட முடியாது, உண்மைதான். நடுவில் இருக்கிற ஊருக்கு அதில் பேச்சே இல்லை.

மாண்டலே கணக்கர்

உழவர் ஐயா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அதில் நான் மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் வியாபாரி அண்ணனின் "வாங்குபவன் ஒருவன் என்றால் தலையாட்ட வேண்டியதுதான்" என்பதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். விற்கிற இடத்திலும் ஒருவனே இருந்தால்? கச்சின் மலையில் அருமண் எடுக்கிற பங்வாவைப் பாருங்கள்.

டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்று இரண்டு உலோகங்கள். மின்கார் மோட்டாரிலும் காற்றாலையிலும் உள்ள காந்தம் சூட்டில் வலு இழக்காமல் இருக்க இவை வேண்டும். இவற்றைப் பிரித்தெடுக்கிற ஆலைகள் கிட்டத்தட்ட முழுக்கச் சீனாவில். ஆனால் சீனா இறக்குமதி செய்கிற இந்த மாதிரி கன அருமண்ணில் பெரும்பகுதி கச்சின் மாநிலத்தின் சிப்வி, பங்வா மலைகளிலிருந்து போனது. மலை உச்சியில் துளை போட்டு அமோனியம் சல்பேட் கரைசலை உள்ளே விடுகிறார்கள். அது களிமண்ணிலிருந்து தாதுவைக் கரைத்துக்கொண்டு அடிவாரத்துக் குட்டைக்கு வருகிறது. குட்டையில் படிந்ததை வறுத்து மூட்டை கட்டினால் சரக்கு ரெடி. மலைக்குள் ஊறின மருந்து ஓடையில் இறங்கும், மீன் சாகும், மாடு குடிக்காது.

2024 அக்டோபரில் பங்வாவைக் கச்சின் விடுதலைப் படை பிடித்தது. சுரங்கம் நின்றது, வரி போட்டார்கள், சீனாவில் அந்த உலோகங்களின் விலை ஏறியது. நாடு என்ற அந்தஸ்துகூட இல்லாத ஒரு படையோடு பெய்ஜிங் உட்கார்ந்து பேச வேண்டி வந்தது. சீனா எல்லைக் கதவை அடைத்துப் பார்த்தது, அதற்கும் கச்சின் படை உடனே பணியவில்லை. 2025 ஏப்ரலில் இதே உலோகங்கள் உட்பட ஏழு வகைக்குச் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கார் ஆலைகள் காந்தம் கிடைக்காமல் திண்டாடின. பங்வா மலைக்கும் டெட்ராய்ட் ஆலைக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை யோசித்துப் பாருங்கள்.

ஆனால் இந்த வகைப் பலத்துக்கு ஆயுள் குறைவு. மண் தீர்ந்தால் தீர்ந்தது. பக்கத்து நாட்டில் வேறு மலை கிடைத்தாலும் தீர்ந்தது. நடு பர்மாவின் எண்ணெய் ஊரான யெனான்ஜவுங்கில் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே கையால் கிணறு தோண்டி எண்ணெய் இறைத்தார்கள். பிறகு அது பேரரசின் எண்ணெய் ஆனது. 1942-ல் ஜப்பானியன் கைக்குப் போய்விடக்கூடாது என்று கிணறுகளையும், சயாமா ஊர் தன்லின் சுத்திகரிப்பு ஆலையையும் வெள்ளைக்காரர்களே அழித்துவிட்டுப் போனார்கள். மதிப்புள்ள பொருள் என்பதாலேயே அது முதலில் எரிக்கப்பட்டது. வயலை அப்படி எரித்துவிட முடியாது. நர்கிஸ் புயலில் கடல்நீர் ஏறிய டெல்டா வயல்கூட மழையில் உப்புக் கழுவி மறுபடி விளைந்தது. எனக்கு நம்பிக்கை இருந்தால் அது வயல் மீதுதான், கல் மீது இல்லை.

மொகல் தெரு வியாபாரி (ரங்கூன்)

நல்ல பேச்சு நடக்கிறது. உழவர் தம்பி, உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். ஆமாம், மண் யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், காசு யாருடையது என்று. 2022-ல் ஏற்றுமதியில் வருகிற டாலரில் 65 சதவீதத்தை, டாலருக்கு 2,100 கியாட் (பர்மா நாணயம்) வீதம் மாற்றிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது. வெளிச்சந்தையில் டாலர் அதைவிட எவ்வளவோ மேலே. அந்த சதவீதத்தைப் பிறகு குறைத்தார்கள், ஆனால் பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. அந்த நஷ்டத்தை வியாபாரி தன் பையிலிருந்து போடுவதில்லை, உங்களுக்குக் கொடுக்கிற விலையில்தான் கழிக்கிறான். நானும் அப்படித்தான் கழிக்க வேண்டியிருந்தது. சென்னையில் உளுந்து விலை ஏறிய வருடத்திலும் பெகுவில் அந்த ஏற்றம் தெரியாமல் போனதற்கு இது பெரிய காரணம்.

மாண்டலே தம்பி சொல்கிற வயல் நம்பிக்கை எனக்கும் உண்டு. அதனால்தான் ஒரு யோசனை. உளுந்தும் துவரையும் இந்தியாவை நம்பி நிற்பவை. பாசிப்பயறு அப்படி இல்லை. சீனா முளைகட்ட வாங்குகிறது, ஐரோப்பா வாங்குகிறது, இந்தோனேசியா, வியட்நாம் வாங்குகிறார்கள். பெடிஷேவா என்கிற உயர்ந்த தரம் என்றால் விலையும் உண்டு. பெகு, தோங்வா பக்கத்து நம் ஆட்கள் உளுந்து வயலில் ஒரு பாதியையாவது பாசிப்பயறுக்கு மாற்றினால், ஒரு வாசல் அடைத்தாலும் இன்னொரு வாசல் இருக்கும். தம்பி, இது நடக்குமா?

தன்லின் சயாமா

தோங்வாவில் என் சொந்தக்காரர்கள் ஏற்கனவே போடுகிறார்கள். வருமானம் பரவாயில்லை என்றுதான் சொன்னார்கள். பூச்சிமருந்து செலவு கூடுதல், மருந்து எச்சம் அதிகம் இருந்தால் ஐரோப்பியச் சரக்கு திரும்பி வந்துவிடும் என்றும் சொன்னார்கள்.

பெகு உழவர்

அண்ணே, யோசனை சரிதான், நானும் யோசித்ததுதான். தடை எங்கே என்று சொல்கிறேன்.

உளுந்து ஒரே தடவையில் அறுப்பு. பாசிப்பயறு அப்படி இல்லை. ஒரு செடியில் காய் கொஞ்சம் கறுத்திருக்கும், கொஞ்சம் பச்சையாக இருக்கும், மேலே பூவும் இருக்கும். கறுத்ததை மட்டும் பறித்துக்கொண்டு மறுபடி வர வேண்டும், மூன்று தடவையாவது பறிக்க வேண்டும். விட்டுவிட்டால் வெயிலில் வெடித்து மணி கொட்டிவிடும். இதற்கு ஆள் வேண்டும். முன்பெல்லாம் ஊர்ப் பிள்ளைகள் கூட்டமாகப் பறிக்க வருவார்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்த பிறகு இளவட்டம் யாரும் ஊரில் இல்லை. தாய்லாந்துக்குப் போனவர்கள் போக, மிச்சம் இருப்பவர்கள் வெளியே தலை காட்டுவதில்லை. பறிப்பதற்குப் பெண்களும் கிழவர்களும்தான். கூலியும் விளைச்சலில் பெரும்பங்கைத் தின்கிறது.

வாங்குபவர்கள் பலர் இருக்கிற பயிரைப் போட ஆள் இல்லை. ஆள் குறைவாக வேண்டியிருக்கிற பயிரை வாங்க ஒருவர்தான். நான் இந்த வருடம் வாய்க்கால் ஓரத்து வயலில் மட்டும் பாசிப்பயறு போடுகிறேன். அது வீட்டுக்குப் பக்கம், நாங்களே பறித்துக்கொள்ள முடியும். மற்றதெல்லாம் உளுந்துதான். ஒரே நேரத்தில் முற்றுகிற பாசிப்பயறு விதை ஏதாவது பேயின்னாங்கில் கிடைத்தால் சொல்லுங்கள் அண்ணே, நெல் அறுப்புக்கு முன்னால் கைக்கு வர வேண்டும்.

மொகல் தெரு வியாபாரி (ரங்கூன்)

யெசின் ஆராய்ச்சிப் பண்ணையில் வெளியிட்ட ரகங்களை வைத்திருக்கிற ஒருவர் சந்தையில் இருக்கிறார். திங்கட்கிழமை போய்க் கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன். எத்தனை ஏக்கருக்கு வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். தோங்வாக்காரர்களுக்கும் வேண்டுமானால், சயாமா, சேர்த்தே வாங்கிவிடலாம், லாரி வாடகை குறையும்.